பழைய காருக்குப் புது ஸ்டீயரிங் வீலும் ஹார்னும்: முழுமையான வழிகாட்டி

ஒரு நட்டு, ஆறு ஸ்க்ரூ. பார்வைக்குப் புது ஸ்டீயரிங் வீல் மாட்டுவது அவ்வளவுதான். வீலை அழகாக மாட்டி முடித்தவர்கள் சிக்கிக்கொள்வது ஹார்னில். அமுக்கினால் சத்தமே வராது. இல்லையென்றால் பேட்டரி கேபிளை வைத்த நொடியிலிருந்தே அலறும். பழைய கார்களில் வீல், ஹப், ஸ்டீயரிங் ராடு எல்லாமே ஹார்ன் சர்க்யூட்டில் ஒரு கண்ணி. வீலை மாற்றும்போது வயரிங்கையும் சேர்த்தே மாற்றுகிறோம், தெரிந்தோ தெரியாமலோ.

அதனால் இங்கே வரிசை தலைகீழ். முதலில் ஹார்ன், அதற்கு ஒரு ரிலே (சிறு கரன்ட்டால் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்). பழைய வீலிலேயே அது ஒழுங்காக ஒலித்த பிறகுதான் வீலில் கை வைக்க வேண்டும். அப்படிச் செய்தால், பின்னால் வரும் எந்தக் கோளாறும் புதிதாக மாட்டியதில்தான் இருக்கும். தேட வேண்டிய இடம் ஒரு சாண் அகலத்துக்குச் சுருங்கிவிடும்.

ஏர்பேக் உள்ள வண்டிக்கு இதில் எதுவும் பொருந்தாது. அது வேறு வேலை, வேறு ஆபத்து.

1. வாங்கும் முன் அளக்க வேண்டியவை

வீலைப் பிடித்துப்போய் வாங்கிவிட்டு ஹப்பைத் தேடுவது தவறான வரிசை. ஹப் கிடைக்குமா என்று பார்த்துவிட்டுத்தான் வீல். ஹப் என்பது ஸ்டீயரிங் ராடின் பல்வரிசையில் உட்காரும் இடைத்துண்டு; அதன் முகத்தில்தான் புது வீல் ஸ்க்ரூவால் இறுகும்.

ஸ்ப்லைன்: ராடின் முனையில் உள்ள பற்களின் எண்ணிக்கையும் விட்டமும் ஹப்போடு அச்சாகப் பொருந்த வேண்டும். ஒரே மாடல் காரிலேயே இடையில் ராடை மாற்றிய தயாரிப்பாளர்கள் உண்டு. ஆகவே காரின் பெயரை மட்டும் நம்பாமல் தயாரிப்பு ஆண்டையும் சேசிஸ் எண்ணையும் வைத்து ஹப்பைத் தேர்ந்தெடுங்கள். பல்லை எண்ணும்போது ஒரு பல்லில் பெயின்ட் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். இல்லையென்றால் எங்கே தொடங்கினோம் என்பதே மறந்துபோகும்.

துளை வட்டம்: மோமோ, ஸ்பார்கோ, ஓ.எம்.பி. வீல்களில் பெரும்பாலும் 70 மி.மீ. வட்டத்தில் ஆறு துளை. நார்டி, பெர்சனல் வீல்களில் பெரும்பாலும் 74 மி.மீ. வட்டத்தில் ஆறு துளை. கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆறு துளை வட்டத்தில் அடுத்தடுத்த இரண்டு துளைகளின் மையத் தூரம் ஆரத்துக்குச் சமம்: 35 மி.மீ. என்றால் 70, 37 என்றால் 74. எதிரெதிர்த் துளைகளை அளந்தால் வட்டத்தின் அளவே நேரடியாகக் கிடைக்கும். துளையை அரத்தால் அகலமாக்கிப் பொருத்தும் பழக்கம் வேண்டாம். அப்படிச் செய்த வீலில் ஸ்க்ரூவின் தலை சரிவாக உட்காரும், நாளடைவில் தளரும். இரண்டு அளவுக்கும் துளை போட்ட ஹப் கிடைக்கிறது, இடைத்தட்டும் கிடைக்கிறது.

விட்டம்: திருப்பும் பலம் விட்டத்துக்கு எதிர் விகிதம். 400 மி.மீ. வீலை எடுத்துவிட்டு 350 போட்டால் திருப்ப 14 சதவீதம் கூடுதல் பலம் வேண்டும்; 330 போட்டால் 21 சதவீதம். பவர் ஸ்டீயரிங் இல்லாத காரில், நின்ற இடத்தில் திருப்பும்போது இது தோள்பட்டைக்குத் தெரியும். முன்பக்கம் கனமான எஞ்சின் உள்ள காரில் 360-க்குக் கீழே போகாமலிருப்பது நல்லது. சின்ன வீல் மீட்டரை மறைக்குமா என்பதையும் பாருங்கள்: அதே விட்டத்துக்கு அட்டையை வெட்டி, பழைய வீலின்மேல் வைத்து, சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் போதும்.

குழிவு: வீலின் விளிம்பு ஹப் முகத்தைவிட எவ்வளவு முன்னே வருகிறது என்பது. குழிவு அதிகமானால் வீல் நெஞ்சை நோக்கி வரும், இன்டிகேட்டர் ஸ்டாக் (அதைப் போடும் குச்சி) எட்டாமல் போகும். தட்டையாக இருந்தால் விரல்முட்டி ஸ்டாக்கில் இடிக்கும். விளிம்பின் பின்பக்கத்துக்கும் ஸ்டாக்குக்கும் நடுவில் 30 முதல் 40 மி.மீ. இருந்தால் வசதி.

2. கையில் வைத்திருக்க வேண்டியவை

வீல், ஹப், ஹார்ன் பட்டன், புது நட்டு அல்லது பூட்டு வாஷர். கவுண்டர்சங்க் ஸ்க்ரூ (தலை துளைக்குள் சமமாக அமரும் வகை) ஆறு, பெரும்பாலான ஹப்களுக்கு எம்5, அதாவது 5 மி.மீ. மரை. நான்கு முனை ரிலேயும் அதன் சாக்கெட்டும். 20 ஆம்பியர் ஃப்யூஸ், ஹோல்டரோடு. 2.5 சதுர மி.மீ. வயர் மூன்று மீட்டர், 1 சதுர மி.மீ. வயர் இரண்டு மீட்டர். 6.3 மி.மீ. ஸ்பேட் டெர்மினல் ஒரு கைப்பிடி, அதை அழுத்தும் கிரிம்பிங் கருவி.

கருவிகளில் டார்க் ரெஞ்ச் (சொன்ன அளவுக்கு இறுக்குவது), ஸ்டீயரிங் புல்லர் (வீலை இழுத்துக் கழற்றுவது), நீளக் கைப்பிடி, நட்டு அளவுக்கு ஆழமான சாக்கெட், மல்டிமீட்டர், டெஸ்ட் லாம்ப், நீல நிற நடுத்தர மரைப்பசை, வெள்ளை பெயின்ட் பேனா. அலென் கீ மட்டும் புதிதாக இருக்கட்டும். எம்5 கவுண்டர்சங்க் ஸ்க்ரூவுக்கு 3 மி.மீ. கீ. முனை தேய்ந்த கீயை வைத்தால் ஸ்க்ரூவின் குழி உருண்டுவிடும்; அப்புறம் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

காரின் பழுதுபார்க்கும் கையேடும் வேண்டும். ஸ்டீயரிங் நட்டின் இறுக்க அளவு அதில்தான் இருக்கிறது. வேறு காரின் எண்ணைக் கடன் வாங்காதீர்கள்.

3. ஹார்ன் எந்த வகை என்று கண்டுபிடிப்பது

பழைய வீல் இருக்கும்போதே செய்ய வேண்டிய சோதனை இது. கழற்றிய பிறகு செய்தால் பட்டன் இருக்காது, சர்க்யூட் பாதியில் நிற்கும்.

ஹார்ன் சர்க்யூட் இரண்டு வகை. முதல் வகையில் ஹார்னுக்கு எப்போதும் பிளஸ் வந்துகொண்டிருக்கும். பட்டன் அமுக்கினால் மறுமுனை எர்த்தாகும், அதாவது பாடியின் இரும்போடு சேரும். பழைய கார்களில் அதிகம் காண்பது இதுதான். இரண்டாம் வகையில் ஹார்ன் நிரந்தரமாக எர்த்தில் இருக்கும்; பட்டன்தான் பிளஸ்ஸை அனுப்பும்.

சோதனை: இக்னிஷனைப் போடுங்கள். டெஸ்ட் லாம்பின் கிளிப்பை பாடியின் சுத்தமான இரும்பில் மாட்டி, முனையை ஹார்னின் டெர்மினல்களில் ஒவ்வொன்றாக வையுங்கள். பட்டனைத் தொடாமலே விளக்கு எரிந்தால் முதல் வகை. இரண்டு டெர்மினலிலும் எரியலாம். ஹார்னின் காயில் (கம்பிச்சுருள்) வழியாகக் கரன்ட் வருவதால்தான் அப்படி, பயம் வேண்டாம். பட்டனை அமுக்கினால்தான் எரிகிறது என்றால் இரண்டாம் வகை. ஹார்னில் ஒரே ஒரு டெர்மினல்தான் இருக்கிறது, எர்த்து பிராக்கெட் வழியாகப் போகிறது என்றால் சோதனையே வேண்டாம், அது இரண்டாம் வகை.

பட்டனை அமுக்கும்போது எங்கோ ஒரு டிக் சத்தம் கேட்டால் ரிலே ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தேடிப்பிடித்து, வயர்கள் நல்ல நிலையில் இருந்தால் நான்காவது படியைத் தாண்டிவிடலாம்.

வயர் நிறத்தை வைத்து முடிவு செய்பவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பழைய ஜெர்மன் கார்களில் பழுப்பு நிறம் எர்த்து. லூகாஸ் வயரிங் உள்ள பிரிட்டிஷ் கார்களில் பழுப்பு நிறம் ஃப்யூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக வரும் பிளஸ். எர்த்து கறுப்பு, ஹார்ன் லைன் பெரும்பாலும் ஊதா-கறுப்பு. ஒரு காரில் பழகிய கை இன்னொரு காரில் பழுப்பு வயரை பாடியில் வைத்தால் புகைதான் வரும். நிறம் ஒரு குறிப்பு, அவ்வளவுதான். டெஸ்ட் லாம்ப் சொல்வதே முடிவு.

4. ரிலே போடுவது

வட்டு ஹார்ன் ஒன்று சுமார் 4 முதல் 6 ஆம்பியர் இழுக்கும். ஜோடியாகப் போட்டால் 10 ஆம்பியரைத் தொடும். புது வீலோடு வரும் பட்டனுக்குள் இருப்பது மெல்லிய பித்தளைத் தகடு. அவ்வளவு கரன்ட்டை அதன் வழியே நேராக விட்டால் தகட்டில் பொறி விழுந்து, கறுத்து, ஒருநாள் ஒட்டிக்கொள்ளும். ரிலே காயில் இழுப்பது 0.15 ஆம்பியர் அளவுதான்.

இன்னொரு காரணம் இதைவிட முக்கியம். ஸ்டீயரிங் ராடு வழியாக வரும் எர்த்து என்றைக்கும் சுத்தமாக இருக்காது. பேரிங் கிரீஸ், பழைய பிரஷ், துரு எல்லாம் சேர்ந்து வழியில் 10 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹார்ன் நேராக அந்த வழியில் இருந்தால் ஒரு ஆம்பியர்கூடச் சரியாகக் கிடைக்காது, முனகல்கூட வராது. ரிலே காயிலின் தடை சுமார் 85 ஓம். அதற்கு முன் இந்தப் பத்து ஓம் பெரிதில்லை, 12.4 வோல்ட்டில் 11 வோல்ட் காயிலுக்குக் கிடைத்துவிடும், ரிலே டக்கென்று இழுக்கும்.

இணைப்பில் ஒரு சௌகரியம் உண்டு. ஹார்னிலிருந்து கழற்றும் பழைய வயர்கள் இரண்டும் ரிலேயின் 85, 86 முனைகளுக்கே போகின்றன (85, 86, 30, 87 என்பவை ரிலேயின் முனைகளுக்கான எண்கள்). பழைய வயரிங்கை எங்கும் வெட்ட வேண்டியதில்லை, நாளைக்கு வேண்டாமென்றால் பழையபடி திருப்பிவிடலாம்.

பேட்டரியின் எர்த்துக் கேபிளைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

முதல் வகையில்: எப்போதும் பிளஸ் வரும் வயர் 86-க்கு, பட்டனுக்குப் போகும் வயர் 85-க்கு. இரண்டாம் வகையில்: பட்டனிலிருந்து பிளஸ் கொண்டுவரும் வயர் 86-க்கு, 85-லிருந்து பாடிக்கு ஒரு எர்த்து வயர். இரண்டு வகையிலும் மீதி ஒன்றுதான்: பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 20 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக 2.5 வயர் 30-க்கு, 87-லிருந்து 2.5 வயர் ஹார்னுக்கு, ஹார்னின் மறுமுனையிலிருந்து பாடிக்குப் பெயின்ட் சுரண்டிய இடத்தில் எர்த்து. ஃப்யூஸ் பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஃப்யூஸுக்கு முன்னால் உள்ள வயர் பாடியில் உரசினால் அதைக் காப்பாற்ற ஒன்றுமில்லை.

பழைய காரில் ஜோடி ஹார்ன் இருந்தால் வயர்களும் ஜோடியாக இருக்கும். ஒவ்வொரு நிறத்திலும் ஒன்று போதும். மற்றவற்றின் முனைக்கு உறை போட்டுக் கட்டிவிடுங்கள். முதல் வகைக் காரில் சும்மா தொங்கும் வயரிலும் 12 வோல்ட் இருக்கிறது.

இரண்டு எச்சரிக்கை. காயிலுக்குக் குறுக்கே டயோடு உள்ள ரிலேயில் 86 கண்டிப்பாகப் பிளஸ். மாற்றி வைத்தால் டயோடு போய்விடும். பிளஸ் எர்த்து உள்ள பழைய கார்களில் டயோடு இல்லாத சாதாரண ரிலேயையே வாங்குங்கள்; காந்த ஹார்னுக்கும் அந்த ரிலேக்கும் திசை ஒரு பொருட்டல்ல. ஆனால் கம்ப்ரஸர் உள்ள ஏர் ஹார்னுக்குத் திசை உண்டு. 6 வோல்ட் காரில் ரிலே, ஹார்ன் இரண்டும் 6 வோல்ட்டுக்கு உரியவையாக இருக்க வேண்டும்.

5. ஹார்னைப் பொருத்துவது

ஹார்னோடு வரும் தகட்டுப் பிராக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு நேராக போல்ட்டில் இறுக்குபவர்கள் அதிகம். அந்தத் தகடு சும்மா இல்லை. ஹார்னின் உடல் அதிர வேண்டும். தகடு வில்லாக நின்று அதை விடுகிறது. உடல் கிரில்லிலோ ரேடியேட்டர் சட்டத்திலோ தொட்டால் சத்தம் பாதியாகி, கரகரப்பும் சேரும். சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி விடுங்கள்.

வாய் முன்னே பார்த்து, சற்றே கீழே சாய்ந்திருக்கட்டும். மேலே பார்த்தால் மழைத்தண்ணீர் உள்ளே நிற்கும்.

பேட்டரியை இணைத்து, பழைய வீலின் பட்டனை அமுக்குங்கள். ஒலிக்கும்போதே ஹார்னின் இரு டெர்மினலுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். பேட்டரி வோல்ட்டேஜுக்கும் இதற்கும் வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் வயரிங் சரி. அதிகமென்றால் எர்த்துப் புள்ளியை இன்னொரு முறை சுரண்டுங்கள். இந்தப் படி தேறாமல் அடுத்ததற்குப் போக வேண்டாம்.

6. பழைய வீலைக் கழற்றுவது

சமதளத்தில் காரை நேர்க்கோட்டில் இருபது முப்பது மீட்டர் ஓட்டி, ஸ்டீயரிங்கைத் தொடாமல் நிறுத்துங்கள். சக்கரங்கள் உண்மையில் நேராக நிற்பது அப்போதுதான். கண்ணால் டயரைப் பார்த்து நேராக்கினால் பத்து டிகிரி தப்பும்.

நடு நிலையிலிருந்து இடப்பக்கம் முழுதும், வலப்பக்கம் முழுதும் எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவையுங்கள். இரண்டும் சமமாக இல்லையென்றால் யாரோ ஏற்கெனவே வீலைத் தள்ளி மாட்டியிருக்கிறார்கள், அல்லது டை ராடு (ஸ்டீயரிங்கை முன்சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) ஒருபக்கமாகத் திருகப்பட்டிருக்கிறது. அதைப் புது வீலுக்கும் கடத்தாதீர்கள். முதலில் அலைன்மென்ட் பார்த்துவிட்டு வாருங்கள்.

பேட்டரி எர்த்தைக் கழற்றுங்கள். சாவி உள்ளே, ஸ்டீயரிங் லாக் விடுபட்ட நிலையில் இருக்க வேண்டும். நட்டைத் தளர்த்தும்போது வீலை லாக்கில் முட்டுக் கொடுத்து இழுப்பது பலர் செய்யும் தவறு. லாக்கின் சிறு முளை அந்தப் பலத்தைத் தாங்க வடிவமைக்கப்பட்டதல்ல. ஒருவர் வீலின் இரு பக்கமும் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் நீளக் கைப்பிடியால் திருகுவதே முறை.

ஹார்ன் பட்டனைக் கழற்றி வயரை உருவும் முன் ஒரு படம் எடுங்கள். பூட்டு வாஷரின் மடிப்பை நிமிர்த்துங்கள். ராடின் முகத்திலும் வீலின் மையத்திலும் சேர்ந்தாற்போல ஒரு கோடு, 12 மணித் திசையில், பெயின்ட் பேனாவால் போடுங்கள்.

நட்டை முழுதாக எடுக்காதீர்கள். மூன்று நான்கு மரை மீதம் இருக்கும்படி விட்டுவிட்டு வீலை இழுங்கள். இல்லையென்றால் கிளம்பும் வீல் நேராக முகத்துக்கு வரும். மூக்கை உடைத்துக்கொள்ள இதைவிட எளிய வழி இல்லை.

வராத வீலுக்குப் புல்லர். ஹப்பில் மரையிட்ட துளைகள் இருந்தால் அதில் திருகும் வகைப் புல்லர் நல்லது. கம்பிக் காலை வீலின் ஸ்போக்கில் கொக்கி போட்டு இழுத்தால் ஸ்போக் வளையும். துருவிளக்கி எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருந்தால் பாதி வீல்கள் கையாலேயே வந்துவிடும்.

ராடின் முனையில் சுத்தியலால் அடிக்கவே கூடாது. மோதலில் மடிந்துகொள்ளும்படி செய்த ஸ்டீயரிங் கம்பங்களில் (ராடும் அதைச் சுற்றிய குழாயும்), உள்ளே பிளாஸ்டிக் முளைகள் இரண்டு துண்டுகளைப் பிடித்துக்கொண்டிருக்கும். அடியில் அவை அறுந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, ஓட்டும்போது ஸ்டீயரிங் முன்னும் பின்னும் ஆடும். அப்படி மடியாத பழைய கம்பங்களில் பேரிங்கும் ஸ்டீயரிங் பாக்ஸும் அடியை வாங்கும்.

வீல் வந்ததும் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். இன்டிகேட்டரைத் திரும்ப அணைக்கும் முளையோ வெட்டோ எந்த மணித் திசையில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஹார்னுக்கான பித்தளை வளையம் இருந்தால் அதன் விட்டத்தையும் அளந்துவையுங்கள்.

7. ஹப்பை ஒத்திகை பார்ப்பது

ராடின் பற்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடையுங்கள். புது ஹப்பைக் கையால் தள்ளிப் பாருங்கள். பல் சரியென்றால் கொஞ்ச தூரமாவது வழுக்கிக்கொண்டு போகும். முனையிலேயே நின்றால் நட்டைப் போட்டு இழுத்து உட்கார வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். எண்ணிக்கை ஒன்று தப்பினால்கூட நட்டின் பலத்தில் அலுமினியப் பற்கள் நசுங்கி உட்கார்ந்துவிடும், பார்க்க நன்றாகவே இருக்கும். பிடிமானம் இருக்காது.

தள்ளுவதற்கு முன் இன்டிகேட்டர் ஸ்டாக் நடு நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் போட்டிருக்கும்போது ஹப்பை அழுத்தினால் அணைக்கும் பிளாஸ்டிக் நாக்கு முறியும். பழைய காரின் ஸ்விட்ச் கிடைப்பது எளிதில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

ஹப்பில் இருக்கும் மேல்பக்கக் குறி 12 மணியில் வர வேண்டும். ஒரு பல் தள்ளினால் எவ்வளவு சாயும் என்பது கணக்குதான்: 36 பல் என்றால் பத்து டிகிரி, 40 என்றால் ஒன்பது, 48 என்றால் ஏழரை. ஆகவே இரண்டு பல்லுக்கு நடுவில்தான் நேர் நிலை வருகிறது என்றால், மூன்று நான்கு டிகிரி சாய்வைப் பல்லால் சரிசெய்ய முடியாது. இரண்டு டை ராடுகளையும் சம அளவு, எதிரெதிராகத் திருகித்தான் சரிசெய்ய வேண்டும். ஒன்றை மட்டும் திருகினால் சக்கரங்களின் டோ (அவை உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் கோணம்) கெடும்.

அணைக்கும் முளை பழைய வீலில் இருந்த அதே மணித் திசையில் இருக்க வேண்டும். சில ஹப்களில் முளை தனி வளையத்தில் இருக்கும், திருப்பிக்கொள்ளலாம். இடம் தப்பினால் வலப்பக்க இன்டிகேட்டர் அணையும், இடப்பக்கம் அணையாது. அல்லது கால் சுற்றிலேயே அணைந்துவிடும்.

ஹப்பின் அடிவிளிம்புக்கும் ஸ்டீயரிங் கம்பத்தின் உறைக்கும் நடுவில் 2 அல்லது 3 மி.மீ. இடைவெளி வேண்டும். உரசினால் உறையைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். பெரும்பாலான கார்களில் அதற்கான நீள்துளை இருக்கும்.

நட்டைக் கையால் ஓட்டிப் பாருங்கள். ராடின் மரை நட்டின் முகத்துக்குச் சமமாகவாவது வெளியே வர வேண்டும். உள்ளேயே நின்றுவிட்டால் ஹப் தடிமனானது, அந்தக் காருக்கு உரியதல்ல. வேறு பார்க்க வேண்டும்.

8. ஹார்ன் வழியை ஹப்பில் சேர்ப்பது

வேலையில் கவனம் அதிகம் கேட்கும் இடம் இதுதான். பட்டனிலிருந்து எர்த்து வரைக்கும் கரன்ட் எந்த வழியாகப் போகிறது என்பதை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள்.

ஒற்றை முனைப் பட்டனில் ஒரு வயர்தான் வரும். மறுமுனை பட்டனின் உலோக ஓடு. அது ஹப்பைத் தொட்டு, ஹப் ராடைத் தொட்டு, ராடு பாடிக்கு எர்த்தாகும். அனோடைஸ் செய்த அலுமினியம் கரன்ட்டைக் கடத்தாது. பெயின்ட் அடித்த ஹப்பும் அப்படித்தான். பளபளவென்று இருப்பதால் தொட்டால் போதும் என்று தோன்றும். மல்டிமீட்டர் வைத்தால் முடிவிலி காட்டும். பட்டனின் ஓடு உட்காரும் இடத்தில், வெளியே தெரியாத ஒரு விரற்கடை அளவுக்கு உப்புத்தாளால் சுரண்டுங்கள்.

இரட்டை முனைப் பட்டனில் இரண்டு வயர். ஒன்று ஹார்ன் வயர், இன்னொன்று முதல் வகைச் சர்க்யூட்டில் ஹப்பின் ஸ்க்ரூ ஒன்றில் வளைய டெர்மினலோடு எர்த்தாக இறுகும். கிடைக்குமானால் இதையே வாங்குங்கள். உலோகத் தொடுகையை நம்பாமல் வயரை நம்பலாம். இரண்டாம் வகைச் சர்க்யூட்டில் இரட்டை முனைப் பட்டன் கட்டாயம், ஏனென்றால் இரண்டு பக்கமும் பாடியிலிருந்து விலகி இருக்க வேண்டும். ஒற்றை முனையைப் போட்டால் அமுக்கும்போது பிளஸ் நேராக எர்த்தில் விழும், ஃப்யூஸ் போகும்.

அடுத்தது ராடு. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து ஒரு முனையை ராடின் தலையிலும் மறுமுனையைப் பாடியிலும் வையுங்கள். ஒரு ஓமுக்குக் கீழே காட்டினால் நல்லது. எண் ஓடிக்கொண்டே இருந்தாலோ முடிவிலி காட்டினாலோ கீழே உள்ள ரப்பர் இணைப்பைப் பாருங்கள். ராடுக்கும் ஸ்டீயரிங் பாக்ஸுக்கும் நடுவே ரப்பர் வட்டு இருந்தால் கரன்ட் அங்கே நிற்கும். அதைத் தாண்ட ஒரு சிறு பின்னல் வயர் வட்டின் இருபக்க போல்ட்டுகளுக்கும் நடுவில் இருந்திருக்கும். வட்டை மாற்றியவர் அதைத் திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார். திரும்பினாலும் இழுபடாத நீளத்தில் புதிதாகப் போடுங்கள்.

ஸ்லிப் ரிங் உள்ள காரில் ஹப்பின் பின்னால் உள்ள பித்தளை வளையத்தில் வில் வைத்த பிரஷ் உரசும். வளையத்தின் விட்டம் பழையதோடு ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் பிரஷ் விளிம்பில் விழும். வளையத்தை நுண்ணிய உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து, தொடு கிரீஸை விரல்நுனியால் ஒரு பூச்சாகத் தடவுங்கள். அதிகம் தடவினால் கரித்தூளைப் பிடித்துக் குழம்பாகிவிடும்.

9. ஹப்பையும் வீலையும் இறுக்குவது

பற்கள் உலர்ந்து சுத்தமாக இருக்க, ஹப்பை உட்காரவைத்து, வாஷர், புது நட்டு போட்டு, ஒருவர் ஹப்பைப் பிடித்துக்கொள்ள, கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். இறுக்கியதும் நட்டிலிருந்து ஹப் வரை ஒரு பெயின்ட் கோடு. பின்னால் ஒரு பார்வையிலேயே தளர்ந்ததா என்று தெரிந்துவிடும்.

ஹார்ன் வயரை வீலின் துளை வழியே வெளியே எடுத்துவிட்டு வீலை வையுங்கள். மறந்துவிட்டு ஆறு ஸ்க்ரூவையும் முறுக்கிய பிறகு நினைவு வருவதுதான் வழக்கம். பட்டனைப் பிடிக்கும் வளையம் தனியாக இருந்தால் அதுவும் இப்போதே போக வேண்டும். ஸ்க்ரூ அதன் மேலாகத்தான் வரும்.

ஸ்க்ரூவின் நீளம் முக்கியம். அலுமினிய ஹப்பில் எம்5 ஸ்க்ரூவுக்கு 7 அல்லது 8 மி.மீ. மரை பிடிக்க வேண்டும். நீளம் கூடினால் துளையின் அடியில் முட்டி நிற்கும், இறுகிவிட்டது போலவே தோன்றும், வீல் மட்டும் ஆடும்.

மரையில் ஒரு சொட்டு நீலப் பசை. அது பிளாஸ்டிக்கில் வெடிப்பு விழவைக்கும், பட்டனில் படக் கூடாது. ஆறையும் விரலால் ஓட்டிவிட்டு, எதிரெதிராக இரண்டு சுற்றில் இறுக்குங்கள். தயாரிப்பாளர் அளவு கொடுத்திருந்தால் அதுவே. இல்லையென்றால் எம்5-க்கு 5 நியூட்டன் மீட்டரை ஒட்டி நிறுத்துங்கள். கைப்பலத்தில் இறுக்குபவர்கள்தான் அலுமினிய மரையை உருவிவிடுகிறார்கள்.

ஹார்ன் வயருக்கு, பட்டனை வெளியே இழுத்தால் ஐந்தாறு சென்டிமீட்டர் வரும் அளவு தளர்ச்சி போதும். மீதியைச் சுருட்டி உள்ளே திணித்தால் பட்டனின் பின்பக்கம் அதை நசுக்கும். டெர்மினல்களுக்கு உறை போட மறக்காதீர்கள். பட்டனை நேராக, இரு கட்டைவிரலாலும் அழுத்தி உட்காரவையுங்கள்.

10. சோதனை

முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, பேட்டரியை இணையுங்கள். ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மெதுவாகத் திருப்பி, ஒவ்வொரு கால் சுற்றிலும் நிறுத்தி ஹார்னை அமுக்குங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும், அமுக்காதபோது எங்கும் ஒலிக்கக் கூடாது. உரசல் சத்தம் இருக்கிறதா, லாக் பூட்டி விடுபடுகிறதா, சுற்று எண்ணிக்கை இருபக்கமும் முன்பு எழுதியதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

காரை இறக்கிய பிறகு ஆளில்லாத இடத்தில் நடை வேகத்தில் ஓட்டி, இரு பக்கமும் இன்டிகேட்டர் அணைவதைப் பாருங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் பட்டனைக் கழற்றி, நட்டின் பெயின்ட் கோட்டையும் ஆறு ஸ்க்ரூவையும் ஒரு முறை சரிபாருங்கள்.

11. ஹார்ன் மக்கர் செய்தால்

பேட்டரி வைத்ததுமே அலறுகிறது: பட்டனிலிருந்து வயரை உருவுங்கள். நின்றால் கோளாறு பட்டனில். ஹார்ன் வயரின் டெர்மினல் ஹப்பைத் தொடுகிறது, அல்லது பிடிப்பு வளையம் பட்டனை எப்போதும் அமுக்கியபடி வைத்திருக்கிறது. நிற்கவில்லையென்றால் ஸ்டீயரிங் கம்பத்துக்குக் கீழே உள்ள கனெக்டரைப் பிரியுங்கள். இப்போது நின்றால் நடுவில் வயர் நசுங்கியிருக்கிறது. அப்போதும் அலறினால் ரிலேயின் முனை ஒட்டிக்கொண்டது.

ரிலேயில் டிக் இல்லை, சத்தமும் இல்லை: முதல் வகைக் காரில், பட்டனிலிருந்து உருவிய ஹார்ன் வயரைப் பாடியின் சுத்தமான இரும்பில் ஒரு முறை தொடுங்கள். ஒலித்தால் அதுவரை எல்லாம் சரி. பட்டன், ஹப், ராடு என்ற எர்த்து வழியில்தான் தடை. எட்டாவது படிக்குத் திரும்புங்கள். இரண்டாம் வகைக் காரில் இப்படித் தொட வேண்டாம்; பட்டனின் இரண்டு வயர்களையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள்.

டிக் கேட்கிறது, சத்தமில்லை: 20 ஆம்பியர் ஃப்யூஸ், 87-ன் டெர்மினல், ஹார்னின் எர்த்து, இந்த வரிசையில்.

நேராக இருக்கும்போது ஒலிக்கிறது, திருப்பினால் இல்லை: ஸ்லிப் ரிங்கில் அழுக்குத் திட்டு, பிரஷ்ஷின் வில் சோர்ந்தது, அல்லது ரப்பர் வட்டின் பின்னல் வயர் அறுந்து தொட்டும் தொடாமலும் இருக்கிறது.

திருப்பும்போது தானாகவே ஒலிக்கிறது: ஹார்ன் வயரின் உறை ஹப்பின் விளிம்பில் தேய்ந்து செம்பு வெளியே வந்துவிட்டது. டேப் சுற்றுவது ஒரு மாதம் தாங்கும்; வயரையே மாற்றி, துளையில் ரப்பர் வளையம் போடுங்கள்.

வோல்ட்டேஜ் சரியாக இருந்தும் சத்தம் கரகரக்கிறது: வட்டு ஹார்னின் பின்னால் சரிசெய்யும் ஸ்க்ரூ உண்டு. எந்தப் பக்கமானாலும் ஒரு தடவைக்கு கால் திருப்புக்கு மேல் வேண்டாம், ஒவ்வொரு திருப்புக்கும் ஒரு நொடி மட்டும் அமுக்கிக் கேளுங்கள். ஜோடி ஹார்னில் ஒன்றின் வயரைக் கழற்றிவிட்டு மற்றதைச் சரிசெய்தால்தான் எது கரகரக்கிறது என்று காது பிரித்தறியும். ஹார்னின் நடுவில் பெரிய நட்டு இருந்தால் அதைத் தொடாதீர்கள். அது உள்ளே உள்ள தகட்டைப் பிடிப்பது. ஒருமுறை கலைந்தால் அந்த ஹார்னை மாற்றத்தான் வேண்டும்.